ஓவனைத் தாண்டும் நிறங்கள்

பீட்ரூட் விழுது போட்டுப் பிசைந்த மாவு கண்ணைப் பறிக்கும் ரோஜா நிறத்தில் இருக்கும். ஓவனிலிருந்து வெளியே வரும்போது அதுவே வெளுத்துப் பழுப்பாகி, நடுவில் மட்டும் கொஞ்சம் சிவப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். வண்ண ரொட்டி சுட ஆசைப்படும் பலர் முதலில் எடுப்பது பீட்ரூட்டைத்தான். அதனால்தான் முதல் ரொட்டியிலேயே மனம் விட்டுப்போகிறது. எந்த நிறம் சூட்டைத் தாங்கும் என்று பார்த்துக் காயை எடுத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மலேசியாவின் டெங்கிலில் இருப்பவர்கள் பரங்கிக்காயில் தொடங்கலாம். பசார் மாலாம் இரவுச் சந்தையில் கீற்றாக வெட்டியே கிடைக்கும். அதன் மஞ்சள், கரோட்டினாய்டு என்ற நிறமி. கொழுப்பில் கரையும், தண்ணீரோடு ஓடாது, 180 டிகிரி சூட்டிலும் பெரிதாக மங்காது. கேரட்டும் இதே ரகம்.

அடுத்தது ஊதா நிறச் சர்க்கரைவள்ளி. டெங்கிலுக்கு அதிகத் தூரமில்லாத செர்டாங்கில், 1969இல் தொடங்கிய மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டி இருக்கிறது. ஆரஞ்சுச் சதையுள்ள ‘விட்டாட்டோ’, ஊதாச் சதையுள்ள ‘அங்குன்’ ஆகிய வள்ளி ரகங்கள் அங்கிருந்து வந்தவைதான். ஊதாவுக்குக் காரணமான ஆந்தோசயனின் கொஞ்சம் கோபக்கார நிறமி. புளிப்புப் பட்டால் சிவக்கும், காரம் பட்டால் நீலமாகி, பச்சைக்கும் போய்விடும். நாசி கெராபு சோற்றுக்கு நீலம் கொடுக்கும் சங்குப்பூவிலும் இதே வகை நிறமிதான். அந்தத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து பார்த்தவர்களுக்கு இந்த வித்தை தெரியும். ஆகவே ஊதா மாவில் சோடா உப்பு வேண்டாம். ஈஸ்ட் போட்டுப் புளிக்கும் மாவு இயல்பாகவே லேசான புளிப்புள்ளது, அதில் ஊதா நன்றாக நிற்கும்.

பச்சைதான் சிக்கல். கீரையானாலும் பாண்டான் இலையானாலும், சூடு பட்டதும் பச்சையத்திலுள்ள மக்னீசியம் கழன்று, நிறம் பாசி படிந்த மாதிரி ஆகிவிடும். பாண்டானுக்கு வாசனையாவது மிஞ்சும். கடை ரொட்டி கிளிப்பச்சையாக இருந்தால், அதில் புட்டி நிறமும் கலந்திருக்கும் என்றே நான் நினைப்பேன்.

பீட்ரூட்டை விட மனமில்லாதவர்கள் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்து, சின்ன பன்னாக உருட்டிக் குறைந்த நேரம் சுடலாம். அதைவிட, பாவ் மாதிரி ஆவியில் வேகவைப்பது மேல். ஓவன் சூட்டைவிட அது எவ்வளவோ மென்மை.

இனி தண்ணீர்க் கணக்கு. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். பரங்கி விழுதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வள்ளியில் ஏறத்தாழ முக்கால் பங்கு. 300 கிராம் ரொட்டி மாவுக்கு மொத்தம் 185 மில்லி ஈரம் போதும். 120 கிராம் பரங்கி விழுது போட்டால் அதிலேயே 108 மில்லி வந்துவிடுகிறது, பால் 75 மில்லிக்கு மேல் வேண்டாம். அதே எடை வள்ளிக்குப் பால் 95 மில்லி வரை பிடிக்கும். இத்துடன் சர்க்கரை 30 கிராம், வெண்ணெய் 30 கிராம், உப்பு 5 கிராம், உடனடி ஈஸ்ட் 4 கிராம். காயைத் தண்ணீரில் போட்டு அவிக்காமல் ஆவியில் வேகவைத்து மசியுங்கள். பாலை ஒரேயடியாக ஊற்றாமல் கடைசி இரண்டு கரண்டியைக் கையில் வைத்திருங்கள், ஒவ்வொரு காயும் ஒவ்வொரு விதம். கேக் மாவு இதற்கு உதவாது. விழுதின் கனத்தைத் தூக்க, புரதம் அதிகமுள்ள ரொட்டி மாவே வேண்டும்.

விழுது முழுக்க ஆறிய பிறகுதான் ஈஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். சுடச்சுடப் போட்டால் ஈஸ்ட் செத்துவிடும். அது தப்பினாலும், 32 டிகிரி வெயிலடிக்கும் நம் ஊர்ச் சமையலறையில் மாவு கண்மூடித் திறப்பதற்குள் பொங்கிப் புளித்த வாடை அடிக்கும். ஐரோப்பியக் குறிப்புகள் வெதுவெதுப்பான பால் என்று எழுதும்; இங்கே குளிர்சாதனப் பெட்டிப் பாலையே ஊற்றுங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மாவு இரட்டிப்பானதும் தட்டி உருட்டுங்கள். மறுபடி உப்பியதும் 180 டிகிரியில் அரை மணி நேரம். மேல்புறம் சீக்கிரம் சிவந்தால் அலுமினியத் தாளால் மூடிவிடலாம், உள்நிறமும் பளிச்சென்றிருக்கும்.

காய் சேர்ந்த ரொட்டி நெடுநேரம் மெத்தென்று இருக்கும், ஆனால் அந்த ஈரமே நம் புழுக்கத்தில் பூஞ்சைக்கு விருந்து. அன்றைக்குத் தின்றது போக மீதியைத் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது ஒவ்வொன்றாக வாட்டிக் காயா ஜாம் தடவிக்கொள்ளலாம்.