பிறர் சின்னத்தில் நம் முகவரி

மேல்பட்டாம்பாக்கம் வட்டாரத்துச் சங்கங்களுக்குத் தணிக்கைக்காகச் செல்லும்போது அண்மைக் காலமாக ஒரு கேள்வி என் முன் அடிக்கடி வைக்கப்படுகிறது. "நெய்த துணிகளை இணையத்தின் வழியே விற்க ஒரு முகவரி பதிவு செய்ய எண்ணுகிறோம். பெயர் பெற்ற ஒரு கம்பெனியின் பெயரையும் அதில் சேர்த்தால் வாங்குவோர் தாமே தேடி வருவார்கள். அந்த முகவரி இன்னும் காலியாகவே இருக்கிறது. எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?" என்கிறார்கள். உரமும் விதையும் விற்கும் விவசாய அங்கத்தினர்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

'காலியாக இருக்கிறது' என்னும் சொல்தான் நம்மை ஏமாற்றுகிறது. பணம் பெற்றுக்கொண்டு முகவரியைப் பதியும் நிறுவனம், அதே எழுத்துக்களை வேறு எவரும் முன்னரே பதிந்திருக்கிறார்களா என்று மட்டுமே பார்க்கும். அப்பெயர் யாருடைய வியாபாரச் சின்னம் என்று அது விசாரிப்பதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகிவிட்டதாலேயே நிலம் விற்றவருக்குச் சொந்தமாக இருந்தது என்று ஆகிவிடாது. வில்லங்கம் பார்ப்பது வாங்குகிறவர் பொறுப்பு. இங்கும் அப்படியே. அன்றியும், பிறர் உரிமைக்கு இப்பதிவு பங்கம் விளைவிக்காது என்று பதிவு செய்பவரே உறுதி கூறுகிறார். படித்துப் பாராமல் ஒப்புதல் கொடுத்துவிட்டு, பின்னர் அறியேன் என்றால் செல்லாது.

நம் நாட்டில் இது குறித்து முதலில் பேசப்பட்ட வழக்குகளுள் ஒன்று 1999-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பானது. யாஹூ என்ற அமெரிக்கக் கம்பெனியின் பெயரோடு 'இந்தியா' என்பதைச் சேர்த்துச் சிலர் ஒரு முகவரி நடத்தி வந்தார்கள். அது அகராதியில் உள்ள சொல் என்றார்கள். இந்தியாவில் அச்சின்னம் பதிவாகவில்லை என்றார்கள். தமக்கும் அக்கம்பெனிக்கும் தொடர்பில்லை என்று அறிவித்திருக்கிறோம் என்றும் வாதிட்டார்கள். நீதிமன்றம் எதையும் ஏற்காமல் தடை விதித்தது. அடியில் சிறு எழுத்தில் ஒரு மறுப்பு எழுதிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இதனினும் முக்கியமானது நமது சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே கம்பெனியின் வழக்கு. தன் பெயரிலிருந்தே 'சிஃபி' என்ற சொல்லை உருவாக்கி, 1999-இல் அக்கம்பெனி முகவரிகளைப் பதிந்தது. 2001-இல் வேறொரு நிறுவனம் 'சிஃபிநெட்' என்று ஒலிக்கும் பெயரில், ஆங்கிலத்தில் ஒரே ஓர் எழுத்தைக் கூட்டி முகவரி பதிந்தது. தங்கள் பங்காளிகள் ஐவரின் பெயர்களின் முதல் எழுத்துக்களைச் சேர்த்தே அப்பெயரை அமைத்ததாக அது விளக்கம் கூறியது. பெங்களூர் உரிமையியல் நீதிமன்றம் தடை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. 2004 மே 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தடையை மீண்டும் நிலைநாட்டியது. முகவரிப் பெயர்களுக்கென்று தனிச் சட்டம் இல்லாவிடினும், ஒருவர் சரக்கை மற்றவர் சரக்கெனத் தோன்றச் செய்வதைத் தடுக்கும் சட்டம் அவற்றுக்கும் பொருந்தும் என்பதே தீர்ப்பின் சாரம்.

நீதிமன்றம் போகாமலும் முகவரி பறிபோகலாம். 'காம்' போன்ற முடிவுடைய முகவரிகளுக்கு ஐக்கான் என்னும் உலக அமைப்பு 1999-இல் விதி வகுத்தது. 'இன்' என்று முடிபவற்றுக்கு நமது நாட்டு விதி 2005-இல் வந்தது. பெயர் சின்னத்தை ஒத்திருக்கிறதா, பதிந்தவருக்கு அதில் நியாயமான உரிமை உண்டா, எண்ணம் கெட்டதா என்று நடுவர் பார்ப்பார். சின்னத்துக்கு உரியவரிடமே நல்ல விலைக்கு விற்றுவிடலாம் என்று பதிந்து வைப்பது கெட்ட எண்ணத்துக்கே சான்றாகும். நம் இளைஞர் சிலர் இதை ஒரு சாமர்த்தியமான வியாபாரமாகக் கருதுவது வருந்தத்தக்கது.

அப்படியானால் ஒரு கம்பெனியின் சரக்கை நேர்மையாக விற்பவர் அதன் பெயரையே சொல்லக் கூடாதா? இதற்கு 2001-இல் ஜினீவா அமைப்பின் நடுவர் ஒருவர் விடை கூறினார். ஓகி டேட்டா கம்பெனியின் அச்சு இயந்திரங்களை விற்றுப் பழுதும் பார்த்துவந்த ஒரு கடைக்காரர் அப்பெயரோடு 'உதிரிப் பாகங்கள்' என்ற சொல்லைச் சேர்த்திருந்தார். அவர் வெற்றி பெற்றார். மெய்யாகவே அச்சரக்கை விற்க வேண்டும். அதை மட்டுமே விற்க வேண்டும். கம்பெனிக்கும் தமக்கும் உள்ள உறவை வெளிப்படையாகக் கூற வேண்டும். உரியவருக்கு ஒன்றும் மிஞ்சாதபடி எல்லாப் பெயர்களையும் வளைத்துக்கொள்ளக் கூடாது என்பவை நிபந்தனைகள். ஆகையால் கோ-ஆப்டெக்ஸ் பெயரை முகவரியில் வைத்துக்கொண்டு உள்ளே விசைத்தறித் துணியை விற்றால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அனுமதி பெறுவதாயின் எழுத்து மூலம் பெறுக.

வழக்கு நடக்கும் இடத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1999-ஆம் ஆண்டு வியாபாரச் சின்னச் சட்டத்தின் 134-ஆம் பிரிவின்படி, பதிவு பெற்ற சின்னத்துக்கு உரியவர் தாம் வியாபாரம் நடத்தும் ஊரிலேயே வழக்குத் தொடர இடமுண்டு. கடலூரில் அல்ல, தில்லியிலோ மும்பையிலோ நமது காரியதரிசி வக்கீல் வைக்க நேரிடலாம். முகவரிக்குக் கட்டிய சில நூறு ரூபாய் எங்கே, இந்தச் செலவு எங்கே!

கூட்டுறவு ஸ்தாபனங்களே பாதிக்கப்படுவதும் உண்டு. 2020-இல் 'அமுல்' பெயரைச் சேர்த்துப் பலர் முகவரிகள் பதிந்து, முகவர் உரிமை தருவதாகச் சொல்லிப் பணம் பறிக்கிறார்கள் என்று குஜராத் கூட்டுறவுப் பால் விற்பனைச் சம்மேளனம் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. நீதிமன்றம் அம்முகவரிகளை முடக்க உத்தரவிட்டது.

ஏற்கெனவே பதிந்துவிட்டவர்கள் கம்பெனியின் கடிதம் வந்தால் அதை மேசைக்குள் போட்டுவிடக் கூடாது. ஐக்கான் விதிப்படி புகார் தொடங்கிய நாளிலிருந்து பதிலுக்கு 20 நாட்களே உண்டு. பதில் இல்லையேல் ஒரு தலைப்பட்சமாகவே முடிவாகும். புதிதாகப் பதிவோர் ஊரின் பெயரையும் சங்கத்தின் பெயரையும் சேர்த்துப் பதியலாம். நிர்வாகக் குழுவின் தீர்மானத்தோடு, தனியாள் பெயரில் அன்றிச் சங்கத்தின் பெயரிலேயே பதிந்து, புதுப்பிக்க வேண்டிய தேதியைச் சொத்துப் பதிவேட்டில் குறித்து வைக்கவும். அடுத்த தணிக்கையில் அந்தப் பக்கத்தையும் கேட்டுப் பார்ப்பேன்.