வகுப்பறையே ஆசிரியரை ஆக்கும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர் நம் முன்னோர். ஆசிரியப் பயிற்சிக்கு இதனினும் பொருந்தும் மொழி வேறில்லை. உளநூலும் போதனாமுறையும் நன்கு கற்றுத் தேர்ந்த இளைஞரும், நாற்பது குழந்தைகள் தம்மையே நோக்கும் முதல் நாளில் நாவறண்டு நிற்பதுண்டு.

சித்தூர் மாவட்டத்துச் சாந்திபுரத்தை எண்ணிப் பார்ப்போம். குப்பத்தை அடுத்த இம்மண்டலம், ஆந்திரம், தமிழகம், கருநாடகம் ஆகிய மூன்றின் எல்லைகளும் நெருங்கும் பகுதியில் உள்ளது. வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் தெலுங்கு பயிலும் பிள்ளைகள் இப்பக்கத்தில் உண்டு. திருப்பதியில் பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர் ஒருவர் இத்தகைய வகுப்பில் எண்களைக் கற்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "மூடு" என்கிறார். தெலுங்கில் அது மூன்று என்னும் எண். தமிழ் வீட்டுக் குழந்தையோ புத்தகத்தை மூடிவிடுகிறது! வகுப்பு சிரிக்கிறது, குழந்தை தலை குனிகிறது.

அப்போது ஆசிரியர் என் செய்வார்? கடிந்துகொண்டால், அக்குழந்தை மறுநாள் வாய் திறவாது. இரு வீட்டாரும் ஒன்றுபோல் சொல்லும் "ரெண்டு", "ஆறு" என்பவற்றைப் பற்றிக்கொண்டு மூன்றுக்கு வருவாராயின், வகுப்பு முழுவதும் இரு மொழிகளின் உறவை அறிந்து மகிழும். இந்நுட்பத்தை விரிவுரை மண்டபத்தில் கேட்டறிதல் அரிது. பல்லாண்டு கற்பித்த மூத்த ஆசிரியர் பின்வரிசையில் அமர்ந்து கண்டு, பாடம் முடிந்தபின் அன்போடு எடுத்துரைத்தால் அஃது எளிதில் கைவரும்.

இம்முறை நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இளையோர்க்குச் சொல்லிக்கொடுத்தே தானும் தேர்ந்தான். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பார், மூத்த மாணவரைக் கொண்டு இளையோர்க்குக் கற்பித்தார். அவர் 1797இல் எழுதி வெளியிட்ட அம்முறை "மதராஸ் முறை" என்று மேனாடுகளில் பரவியது.

முன்னர்ச் சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனபள்ளியை அடுத்த ரிஷிவேலியிலும், சிற்றூர் ஓராசிரியர் பள்ளிகளுக்கென அட்டைகளும் கற்றல் ஏணியும் கொண்ட ஒரு முறை உருவாயிற்று. அதனைத் தழுவியே 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கிப் பின்னர்த் தமிழகமெங்கும் பரவியது. வகுப்பறையில் விளைந்த அறிவு எல்லை கடந்தும் பயன் தரும் என்பதற்கு இது சான்று.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் வகுத்த விதிகள், ஈராண்டு பி.எட். படிப்பில் 20 வாரப் பள்ளி அனுபவத்தை வேண்டின. நன்றே. ஆயினும் வாரங்களின் எண்ணிக்கை மட்டும் போதாது. வருகையேட்டில் கையொப்பமும், அழகுற எழுதிய பாடக் குறிப்பேடும் ஆசிரியரை ஆக்கிவிடமாட்டா. முதலில் கண்டு, பின்பு திட்டமிட்டு, கற்பித்து, பிழையுணர்ந்து, மீண்டும் கற்பித்தலே பயிற்சியாகும்.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இதில் என்ன என்று அன்பர்கள் வினவலாம். சாந்திபுரத்துக் குழந்தையின் நிலைதான் நம் குழந்தைகளின் நிலையும். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் மற்றொரு மொழி. நம் சங்கங்களின் வார இறுதித் தமிழ் வகுப்புகளில் கற்பிக்க முன்வரும் இளைஞரின் ஆர்வம் போற்றத்தக்கது. ஆனால் அவரை முதல் நாளே தனியே வகுப்பில் நிறுத்துதல் அவருக்கும் நன்றன்று, குழந்தைகளுக்கும் நன்றன்று. ஒருமுறை சிரிப்புக்கு ஆளான குழந்தை தமிழை விட்டே விலகிவிடக்கூடும்.

ஆதலின் நாம் வேண்டுவது ஒன்றே. புதிதாகக் கற்பிக்க வருவோர் நான்கு வாரம் மூத்தோர் வகுப்பில் அமர்ந்து காணட்டும். அதன்பின் அவர்கள் கற்பிக்க, மூத்தோர் உடனிருந்து காணட்டும். நம்மிடையே ஓய்வு பெற்ற ஆசிரியப் பெருமக்கள் உள்ளனர். வாரம் ஒரு மணி நேரம் பின்வரிசையில் வந்து அமர அவர்கள் மனம் கொள்வார்களாயின், நம் வகுப்புகள் செழிக்கும் என்பதில் ஐயமில்லை.