மழையை நம்பிய மின்சாரம்

திருவனந்தபுரம் வலியசாலையில் எரியும் விளக்குகளுக்கும் இடுக்கி மலையில் பெய்யும் மழைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. திருவிதாங்கூர் அரசு 1940ஆம் ஆண்டில் பள்ளிவாசல் நீர்மின் நிலையத்தை இயக்கியது. 1957இல் அமைந்த கேரள மின்வாரியம் இவ்வழியையே பின்பற்றியது. 1976இல் தொடங்கிப் பின்னர் விரிவாக்கப்பட்ட இடுக்கி நிலையத்தின் திறன் 780 மெகாவாட் ஆகும்.

நீர்மின்சாரத்திற்கு எரிபொருட் செலவில்லை. தேவை உச்சத்தை எட்டும்போது இயந்திரங்களைச் சில நிமிடங்களில் இயக்கலாம். ஆனால் பருவமழை பொய்த்தால் வெளிமாநில மின்சாரத்தை வழக்கத்தினும் மிகுதியாக வாங்க நேர்கிறது. அச்சுமை இறுதியில் நுகர்வோர் கட்டணத்தில் சேர்கிறது. 2013இல் வாரியத்தின் பணிகள் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்ட பின்னரும் இந்நிலை மாறவில்லை. பகலில் சூரிய ஒளியைப் பயன்படுத்தி, அணைநீரை இரவுத் தேவைக்குச் சேமிப்பதே சிக்கனமான வழி எனலாம்.