தன்னடக்கத்துக்குத் தண்டனை

தங்கள் ஆராய்ச்சியைப் பற்றி இணையத்தில் சொல்லிக்கொள்ள ஆண்கள் தயங்குவதில்லை. பெண்கள் தயங்குகிறார்கள். காரணம் கூச்சம் மட்டுமல்ல.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக விஞ்ஞானி டோனா ஸ்ட்ரிக்லண்டுக்கு 2018 அக்டோபர் 2 அன்று இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அந்தப் பரிசைப் பெற்ற மூன்றாவது பெண் அவர். அன்று காலை வரை விக்கிபீடியாவில் அவருக்கென்று ஒரு பக்கம்கூட இல்லை. அவருடன் ஆராய்ச்சி செய்து பரிசில் பங்கு பெற்ற ஜெரார் மூருவுக்கோ பல ஆண்டுகளாகவே இருந்தது. இன்னொரு ஆச்சரியம்: ஸ்ட்ரிக்லண்ட் அப்போது இணைப் பேராசிரியர்தான். பதவி உயர்வுக்குத் தான் விண்ணப்பிக்கவே இல்லை என்றார் அவர்.

கேட்காமலும் சொல்லிக்கொள்ளாமலும் இருப்பது அவர் ஒருவரின் சுபாவமா? 35 லட்சம் ஆராய்ச்சியாளர்களின் 28 லட்சம் கட்டுரைகள் பற்றிய 2.3 கோடி ட்விட்டர் பதிவுகளை அலசிய ஓர் ஆய்வு, இல்லை என்கிறது. தங்கள் கட்டுரையைத் தாங்களே விளம்பரப்படுத்தும் வாய்ப்பு பெண்களிடம் சுமார் 28 சதவீதம் குறைவு. இதில் வியப்பு என்னவென்றால், முன்னணி நிறுவனங்களில் இருந்துகொண்டு பெரிய இதழ்களில் எழுதும் பெண்களிடம்தான் இந்த இடைவெளி மிக அதிகம்.

கட்டுரைகளின் மொழியிலும் இதே கதைதான். ஒரு லட்சத்துக்கும் அதிகமான மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைப் பரிசீலித்து 2019ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட ஆய்வின்படி, முதல் ஆசிரியரும் கடைசி ஆசிரியரும் பெண்களாக இருந்தால், 'புதுமையான', 'தனித்துவமான' போன்ற சொற்கள் இடம்பெறும் வாய்ப்பு 12.3 சதவீதம் குறைவு. அத்தகைய சொற்கள் உள்ள கட்டுரைகளுக்கோ மேற்கோள்கள் 9.4 சதவீதம் அதிகம்.

அப்படியானால் பெண்களும் உரக்கப் பேசிவிட்டால் போதுமா? பிரிட்டிஷ் வரலாற்றாய்வாளர் ஃபெர்ன் ரிட்டல் 2018 ஜூனில் ட்விட்டரில் தன் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று சேர்த்துக்கொண்டார். உழைத்துப் பெற்ற பட்டம்தான். ஆனாலும் திமிர், அடக்கமில்லை என்று வசை விழுந்தது. பதிலுக்குப் பல பெண் ஆய்வாளர்கள் தங்கள் பெயருக்கு முன்னும் 'டாக்டர்' சேர்த்து, 'அடக்கமில்லாத பெண்கள்' என்று அறிவித்துக்கொண்டார்கள். வசை ஒருபுறமிருக்க, பலனும் சமமாக இல்லை. சுயவிளம்பரத்தால் கிடைக்கும் கவனம் பெண்களுக்குச் சற்றுக் குறைவுதான் என்கிறது அதே ட்விட்டர் ஆய்வு.

இந்தியாவிலும் உயர்கல்வி நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்தும் என்.ஐ.ஆர்.எஃப். மேற்கோள் எண்ணிக்கையைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அந்த எண்ணிக்கையில் தரத்தோடு குரலின் உரப்பும் கலந்திருக்கலாம். ஆகவே, பேராசிரியர் தேர்வுக் குழுவினர் எண்களைப் பார்ப்பதோடு நிற்காமல் கட்டுரைகளையும் படித்துப் பார்ப்பது நல்லது.