மூக்கினுள் முளைக்கும் வேண்டா விருந்தினர்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நாள், பத்தாம் வகுப்பிலே பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். முன்வரிசை மாணவன் ஒருவனின் கொப்பியிற் பொட்டுப் பொட்டாக இரத்தம் வீழ்ந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தான். “வெயிற் சூடு, சேர், இவனுக்கு அடிக்கடி வாறது” என்றான் பக்கத்திலிருந்தவன்.

வீட்டாரும் அவ்வாறே எண்ணியிருந்தனர். சூடு தணியத் தலைக்கு நல்லெண்ணெயும் குடிக்க இளநீரும் கொடுத்தனர். மூக்கடைப்புக்குப் பீனிசம் என்று பெயரிட்டு ஆவி பிடித்தனர். ஒரு பக்கத்து மூக்கு மட்டுமே அடைத்திருந்ததையும், பையன் எந்நேரமும் வாயால் மூச்சு விட்டதையும் எவரும் பொருட்படுத்தவில்லை, நானுந்தான். மாதங்கள் பல கழிந்தபின் சிறப்பு வைத்தியரிடம் சென்றபோது, “உள்ளே ஒரு கட்டி இருக்கிறது” என்றார் அவர். “புற்றோ ஐயா? என்ர பிள்ளை தப்புவானோ?” என்று கதறினாள் தாய்.

கட்டி என்றதும் புற்று என்று நடுங்குவது நம்மவர் இயல்பு. கட்டிகளுள் தீங்கற்றவை என்றொரு வகுப்பு உண்டு. அவை வளரும்; ஆனால் புற்றுநோயைப்போல இரத்தத்தின் வழியாகவும் நிணநீரின் வழியாகவும் தூரத்து உறுப்புக்களுக்குப் பரவமாட்டா. ஆயினும் “தீங்கற்றது” என்பதற்கு “ஒன்றும் செய்யாதது” என்று பொருள் கொள்ளலாகாது. மூக்கின் அயலவர் யாவர்? இரு புறமும் கண்கள். மேலே, மெல்லிய என்புத் தகட்டுக்கு அப்பால், மூளை. இந்த ஒடுங்கிய வீட்டில் எது வளர்ந்தாலும் அயலவருக்கு இடைஞ்சல்தான்.

அம்மாணவனுக்கு வந்தது அங்கியோபைபுரோமா என்னும் கட்டி. இது ஏறக்குறைய முழுவதும் பருவமடையும் வயதுப் பையன்களையே பற்றுவது. ஆண்மைச் சுரப்புக்கும் இதற்கும் தொடர்பு உண்டென ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். மூக்கின் பின்புறத்தே தோன்றும் இக் கட்டியை நுணுக்குக்காட்டியில் நோக்கினால், நாரிழையத்தின் நடுவே எண்ணற்ற குருதிக் கலன்கள் தென்படும். சாதாரண குருதிக் கலன் அறுந்தால், அதன் சுவரிலுள்ள தசை சுருங்கி வாயை ஒடுக்கும். இக் கட்டியின் கலன்களிலோ அத் தசை இல்லை, அல்லது மிகக் குறைவு. ஆதலால் ஒருமுறை உடைந்தால் இரத்தம் இலகுவில் நில்லாது. இதனாலேயே, மற்றைய கட்டிகளிற்போல ஒரு துண்டை வெட்டிப் பரிசோதிக்க வைத்தியர்கள் துணிவதில்லை. ஸ்கான் படங்களைக் கொண்டே நோயைத் துணிகின்றனர். சத்திரசிகிச்சைக்கு முன்னர், கட்டிக்குச் செல்லும் நாடியை உள்ளிருந்தே அடைத்துவிடுவதும் உண்டு.

மூக்கின் உட்புறத்தைப் போர்த்திருக்கும் சவ்வுக்கு ஷ்னைடரின் சவ்வு என்று ஒரு பெயர். சளி மூளையிலிருந்து வடிகிறது என்று பண்டைக் கிரேக்கர் காலந்தொட்டு ஐரோப்பியர் நம்பியிருந்தனர். அது தவறு, சளி சுரப்பது இச் சவ்விலேயே என்று 17ஆம் நூற்றாண்டில் எடுத்துக்காட்டியவர் ஜெர்மனியின் விற்றன்பேர்க் நகரப் பேராசிரியர் கொன்றாட் விக்டர் ஷ்னைடர். இச் சவ்விலே, பெரும்பாலும் நாற்பது வயதைத் தாண்டியோருக்கு, ஒருவகைப் பப்பிலோமா தோன்றுகிறது. சாதாரண பப்பிலோமா மருவைப்போல வெளிநோக்கி வளரும். இதுவோ, கையுறையின் விரலை உட்புறமாகத் தள்ளினாற்போல, உள்நோக்கி மடிந்து வளரும். வேரை விட்டு நுனியை அகற்றினால் மீண்டும் முளைக்கும். சிலரில் இது புற்றாக மாறுவதுண்டு. எனவே அகற்றிய சதையை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதும், பின்னர் ஆண்டுக்கணக்காகக் கண்காணிப்பதும் அவசியம்.

நெற்றியின் என்புக் குடாவிலே யானைத் தந்தம்போற் கடினமான ஒஸ்ரியோமா வளர்வதுண்டு. சிறிதாயின் வாளாவிருக்கும், சளி வடியும் வழியை மறித்தாலே தலையிடி தரும்.

நமது நாட்டிலும் தென்னிந்தியாவிலும் மிகுதியாகக் காணப்படும் மற்றொன்றையும் சொல்லவேண்டும். செம்புற்றுப்பழம்போலச் சிவந்து, மேலே வெண்புள்ளிகள் தூவினாற்போலத் தோன்றும் இச் சதை, உண்மையிற் கட்டியன்று. றைனோஸ்பொரிடியம் என்னும் நுண்ணுயிரின் வேலை. 1900ஆம் ஆண்டில் ஆர்ஜென்ரீனாவில் சீபர் என்பவர் இதனை விவரித்தார். நெடுங்காலம் பூஞ்சணம் என்று எண்ணப்பட்ட இவ்வுயிர், மீன் முதலிய நீர்வாழ் உயிர்களைப் பற்றும் நுண்ணுயிர்க் கூட்டத்தைச் சேர்ந்ததெனப் பரம்பரையலகு ஆராய்ச்சிகள் 1999 அளவிற் காட்டின. குளங்களிலே தேங்கிய நீரில் மூழ்கிக் குளிப்போருக்கே இது பெரும்பாலும் வருகிறது. சதையை வெட்டி, அடியைச் சுட்டுவிடுவதே சிகிச்சை.

பெற்றோர் நினைவிற் கொள்ளவேண்டியவை சில. தடிமனும் ஒவ்வாமையும் பெரும்பாலும் இரு பக்கத்தையும் அடைக்கும். வாரக்கணக்காக ஒரே பக்கம் அடைத்திருந்தாலும், அப் பக்கத்தில் அடிக்கடி இரத்தம் கசிந்தாலும், வீட்டு வைத்தியத்தோடு நின்றுவிடாது காது, மூக்கு, தொண்டை வைத்தியரை நாடுக. இரத்தம் வடியும்போது தலையை அண்ணாத்தலாகாது. முன்னே குனிந்திருந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாது அழுத்திப் பிடிக்கவேண்டும். நில்லாவிடின் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க.

அம்மாணவனுக்குச் சத்திரசிகிச்சை நன்றாக நிறைவேறிற்று. மறு தவணையில் முன்வரிசையில் வந்தமர்ந்தான், வாய் மூடியபடி. அன்றுதான் அவன் மூக்கால் மூச்சு விடுவதை நான் முதன்முதலாகக் கண்டேன். பாடத்தைக் கேட்கிறானா என்று இரண்டு ஆண்டுகளாகப் பார்த்திருந்த எனக்கு, அவன் மூச்சு விடும் விதம் கண்ணிற் படாமற் போயிற்றே என்ற வெட்கம் இன்றும் உண்டு. இப்போது வகுப்பறையுள் நுழைந்ததும், பிள்ளைகளின் முகங்களை ஒருமுறை பார்த்த பின்னரே புத்தகத்தைத் திறக்கிறேன்.