மனைவி நியூயார்க்கில், கணவர் டாம்பாவில்: மாநில வரியை எப்படித் தாக்கல் செய்வது?

இந்தியாவில் சம்பளத்துக்கான வருமான வரி மத்திய அரசோடு முடிந்துவிடும். கணவனும் மனைவியும் தனித்தனியாகத்தான் ரிட்டர்ன் போடுகிறோம். அமெரிக்காவில் வேலைக்குப் போகும் தம்பதிகள் தடுமாறுவது இங்கேதான். அங்கே ஃபெடரல் வரி தனி, மாநில வரி தனி. அதிலும், ஆண்டு முழுக்க இருவரும் ஒரே மாநிலத்தில் இல்லையென்றால்?

"ஃபெடரலில் ஜாயின்ட் ரிட்டர்ன்தானே, மாநிலத்துக்கும் அதே போதும்" என்று க்ளிக் செய்துவிடாதீங்க. சில ஆயிரம் டாலர் கூடுதலாகப் போகலாம்.

எங்கே சிக்கல்?

ஓர் உதாரணம் பார்ப்போம். மனைவி ஜனவரி முதல் நியூயார்க்கில் இருக்கிறார். கணவர் ஃப்ளோரிடாவின் டாம்பாவில் வேலை பார்த்துவிட்டு, செப்டம்பர் 1-ல் நியூயார்க்குக்கே குடிவந்து அங்கே வேலையில் சேர்கிறார். மாதச் சம்பளம் 8,000 டாலர். ஃப்ளோரிடாவில் சம்பளத்துக்கு மாநில வரியே கிடையாது.

இவர்களுக்கு நியூயார்க் இரண்டு வழிகளைத் தருகிறது.

1. தனித்தனி ரிட்டர்ன்: மனைவிக்கு ஐடி-201 படிவம். கணவர் பகுதி ஆண்டு குடியிருப்பாளர் என்பதால் ஐடி-203. முழு ஆண்டு வருமானத்துக்கு வரி கணக்கிட்டு, அதில் நியூயார்க் வருமானத்தின் பங்குக்கு மட்டும் அவர் கட்டினால் போதும்.

2. ஜாயின்ட் ரிட்டர்ன்: இருவரும் ஐடி-201 போடலாம். ஆனால், இருவருமே ஆண்டு முழுக்க நியூயார்க்கில் இருந்ததாகக் கணக்கு வைப்பார்கள். டாம்பாவில் 8 மாதம் சம்பாதித்த 64,000 டாலரும் உள்ளே வந்துவிடும். தோராயமாக 5 சதவீதம் என்று வைத்தாலும் 3,200 டாலர் வரி!

அப்போ ஜாயின்ட் எப்போதுமே நஷ்டமா?

இல்லை. தாமதமாக வந்தவருக்கு அந்த ஆண்டில் வருமானமே இல்லையென்றால் ஜாயின்ட் லாபமாக இருக்கலாம். நியூயார்க்கில் நிலையான கழிவு ஜாயின்ட்டுக்கு 16,050 டாலர். தனியாகப் போட்டால் 8,000 மட்டுமே. எனவே இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எல்லா மாநிலத்திலும் இதே விதியா?

இல்லை. கலிஃபோர்னியாவில் ஃபெடரலில் ஜாயின்ட் என்றால் பொதுவாக மாநிலத்திலும் ஜாயின்ட்தான். ஒருவர் பகுதி ஆண்டு மட்டும் இருந்திருந்தால் 540என்ஆர் படிவம் போட வேண்டும். நண்பர் வேறு மாநிலத்தில் செய்ததை அப்படியே காப்பி அடிக்க முடியாது.

சென்னையிலிருந்து நடுவில் வந்தவர்களுக்கு?

கூடுதல் கவனம் தேவை. ஃபெடரலில் ஜாயின்ட் போடுவதற்காக ஆண்டு முழுவதும் அமெரிக்கக் குடியிருப்பாளராகக் கருதப்படும் வழியைத் தேர்ந்தெடுத்தால், சென்னைச் சம்பளத்தையும் காட்ட வேண்டும். இந்தியாவில் கட்டிய வரிக்கு ஃபெடரலில் கழிவு கிடைக்கும். நியூயார்க்கோ வேறு அமெரிக்க மாநிலத்தில் கட்டிய வரிக்குக் கழிவு தரும், இந்தியாவில் கட்டியதற்குத் தராது. இந்த நிலையில் இருப்பவர்கள் வரி ஆலோசகரிடம் கேட்டுவிட்டுத் தாக்கல் செய்வதே நல்லது.

இப்போதே என்ன செய்யலாம்?

• மாநிலம் மாறியதும் ஹெச்ஆரிடம் புது முகவரியைக் கொடுங்கள்.

• டபிள்யூ-2 படிவத்தில் 15, 16, 17-வது கட்டங்களைப் பாருங்கள். எந்த மாநிலத்தின் பெயரில் எவ்வளவு சம்பளம், எவ்வளவு வரிப்பிடித்தம் என்பது அங்கே இருக்கும். தவறிருந்தால் உடனே திருத்தச் சொல்லுங்கள்.

• வாடகை ஒப்பந்தம், விமான டிக்கெட், பே ஸ்லிப் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். எந்தத் தேதியில் குடிபெயர்ந்தீர்கள் என்று கேள்வி வந்தால் இவைதான் சாட்சி.