மண்ணுக்குள் மதுரை – 14: கான்சாகிபுக்குத் தூண் இல்லை

மேல வெளி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களின் காலடியில் ஒரு போர்க்களம் கிடக்கிறது. கோட்டை மதிலும் அகழியும் இருந்த இடம்தான் இன்று வெளி வீதிகளாகவும் அதை ஒட்டிய தெருக்களாகவும் ஆகியிருக்கிறது. நாயக்கர் கோட்டைக்கு 72 கொத்தளங்கள் என்பார்கள். பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒன்று மட்டும் தப்பி நிற்கிறது. அதையும் பழைய சுவர் என்று நினைத்துத்தான் பலர் கடந்து போகிறார்கள்.

இந்தக் கோட்டைக்காக நடந்த கடைசிப் பெரிய சண்டை 1763, 64-இல். உள்ளே இருந்தவர் கான்சாகிப். மருதநாயகமாகப் பிறந்து முகமது யூசுப் கானாக மாறியவர். வெளியே நின்றவை ஆங்கிலேயக் கும்பினிப் படையும் ஆற்காட்டு நவாபின் படையும். அந்தக் கும்பினிக்குச் சிப்பாய்த் தலைவராக இருந்து பெயர் வாங்கியவர்தான் இவர். திருச்சிச் சண்டையில் கும்பினிப் பக்கம் நின்றார். பிரெஞ்சுக்காரர் லாலி சென்னையை முற்றுகையிட்டபோது வெளியிலிருந்து அவரைத் தூங்கவிடாமல் அடித்தார். அதற்குப் பிறகுதான் மதுரையும் திருநெல்வேலியும் குத்தகையாக அவர் கைக்கு வந்தன. கும்பினி அவரை நவாபுக்குக் கீழே கைகட்டி நிற்கச் சொன்னதும் உறவு முறிந்தது.

கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். நேரம்தான் சரியில்லை. 1763 பிப்ரவரியிலேயே பாரிசில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானக் கையெழுத்துப் போட்டுவிட்டன. மதுரையில் பறந்த கொடிக்குப் பின்னால் படை அனுப்ப யாரும் இல்லை. மார்ச்சண்ட் என்ற அதிகாரியும் கொஞ்சம் பிரெஞ்சுச் சிப்பாய்களும் மட்டும் கூட இருந்தார்கள்.

ஆனாலும் கோட்டை சட்டென்று விழவில்லை. முதல் முற்றுகைக்குக் கும்பினியின் மன்சன் தலைமை. மழை பிடித்துக்கொண்டது, பின்வாங்கினார். மறு ஆண்டு கேம்பெல் வந்தார். 1764 ஜூன் 26 அன்று அகழியைத் தாண்டி மதில் மேல் ஏறப் பார்த்தார்கள். உள்ளே இருந்தவர்கள் அடித்துத் தள்ளினார்கள். மேஜர் பிரஸ்டன் அன்று பட்ட காயத்தில் செத்துப்போனார். அதோடு ஏறிப் பிடிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, தானியம் உள்ளே போகாமல் வழிகளை அடைத்தார்கள். பீரங்கியால் ஆகாததைப் பட்டினி செய்தது. அக்டோபர் 13 அன்று மார்ச்சண்டும் திவான் சீனிவாச ராவும் கூட்டாளிகளும் சேர்ந்து கான்சாகிபைப் பிடித்துக் கட்டினார்கள். தொழுகையில் இருந்தபோது, அவருடைய தலைப்பாகையாலேயே கட்டினார்கள் என்று கதை சொல்வார்கள். 15-ஆம் தேதி நவாப் தூக்கில் போட்டார். கயிறு அறுந்து அறுந்து விழுந்தது என்பதும், உடலைத் துண்டாக்கி ஊர் ஊருக்கு அனுப்பினார்கள் என்பதும் மக்கள் வாயில் இன்னும் இருக்கிறது.

எஞ்சிய உடலைப் புதைத்த இடம் சம்மட்டிபுரம். காளவாசலில் ஆட்டோ ஏறி "கான்சாகிப் தர்கா" என்றேன். "எந்த தர்காண்ணே? தேனி ரோட்லயா?" என்று கேட்டார் ஓட்டுநர். வழியில் ஒரு டீக்கடையில் விசாரித்துக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தோம். சின்னக் கட்டடம். உள்ளே துணி போர்த்திய சமாதி, ஊதுபத்தி வாசனை. எங்கள் பின்னாலேயே ஒரு அம்மா கைக்குழந்தையோடு வந்தார். குழந்தைக்குக் காய்ச்சல், மந்திரிக்க வேண்டுமாம். சமாதியில் இருப்பவர் யார் என்று கேட்டேன். "பெரிய மகான்யா" என்றார். இரண்டு முற்றுகைகளில் ஒரு கோட்டையைக் கட்டிக் காத்தவரை இங்கே காய்ச்சலுக்குத் தேடி வருகிறார்கள். அவமரியாதை என்று எனக்குத் தோன்றவில்லை. யாரும் வராமல் கிடப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

ஆனால் அரசாங்கமோ கட்சிகளோ இங்கே வந்து மாலை போடுவது பெரிதாக இல்லை. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். சிலைக்கு உரிமை கொண்டாட ஒரு கூட்டம் வேண்டும். கான்சாகிபை யார் உரிமை கொண்டாடுவது? வெள்ளைக்காரனை எதிர்த்தவர் என்று சொன்னால், 1761-இல் நெற்கட்டும்செவலில் அதே வெள்ளைக்காரனை எதிர்த்த பூலித்தேவரை வீழ்த்தியவரும் இவரே என்று எதிர்க்குரல் வரும். இரண்டும் உண்மை. கமல்ஹாசன் 1997-இல் எலிசபெத் ராணியை வைத்துத் தொடங்கிய, இவரைப் பற்றிய படமும் முடியவில்லை. ஊருக்குள் கான்சாமேட்டுத் தெருவும் கான்பாளையமும் மட்டும் அவர் பெயரைச் சுமந்துகொண்டிருக்கின்றன.

கோட்டையை இடித்தவர் கதை வேறு. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் ஊர் நெருக்கடி தாங்காமல் மதிலைத் தகர்த்தார்கள். மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்கள் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. சம்பளம் கொடுக்காமல் ஒரு கோட்டையையே காணாமல் ஆக்கிய அந்த மூளையை மெச்சத்தான் வேண்டும். அளந்தவர் பெயரில் மாரட் வீதி, வேலையை நடத்தியவர் பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதி. பிளாக்பர்னுக்கு ஊரார் நன்றிக்கடனாக நட்டதுதான் விளக்குத்தூண். ஜிகர்தண்டா குடிக்கப் போகிறவர்கள்கூட அதைச் சொல்லித்தான் வழி கேட்கிறார்கள்.

பிளாக்பர்ன்மீது எனக்குக் கோபம் இல்லை. அந்த மதில் நின்றிருந்தால் மாசி வீதிகளில் மூச்சு விட முடியாது. கொத்தளத்துப் பக்கத்தில், 1764 ஜூன் 26 அன்று இங்கே என்ன நடந்தது என்று தமிழில் நான்கு வரி எழுதி வைத்தால் போதும். மாநகராட்சிக்கு அது ஒரு பெரிய செலவே இல்லை.

இதே கான்சாகிப் கும்பினியின் சிப்பாய்த் தலைவராகக் கர்னல் ஹெரானோடு 1755-இல் இந்தப் பக்கம் வந்தவர். கோவில்குடியில் சாமி சிலைகளைப் பறித்துக்கொண்டு திரும்பிய அந்தப் படையை நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்தார்கள். அந்தக் கணவாய்க்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)